பசிக்குதான்னு கேக்காதீங்க: உணவுக்குழாய் ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டுச் சாப்பாடு

(ஒலிப்பதிவிலிருந்து திருத்தி எழுதியது. திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் நீக்கப்பட்டுள்ளன. பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.)

வழக்கமா இங்க டேட்டாபேஸ், சர்வர், யூபிஐ பணம் ஒரு பேங்க்ல இருந்து இன்னொரு பேங்க்குக்கு எப்படிப் போகுது, இந்த மாதிரிதான் பேசுவேன். இன்னைக்கு அது இல்லை. போன வருஷம் நாலஞ்சு மாசம் எபிசோடே வரலை, நிறைய பேர் ஏன்னு கேட்டீங்க. அப்பாவுக்கு உணவுக்குழாயில் கேன்சர். ஆபரேஷன் பண்ணி உணவுக்குழாயை எடுத்துட்டாங்க. அப்பா இப்போ நல்லா இருக்கார். அதை முதல்லயே சொல்லிடறேன், கடைசி வரைக்கும் பதட்டத்தோட கேக்க வேண்டாம்.

ஆபரேஷன் வரைக்கும் என்ன நடக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்து, சமையலறைக்கும் கட்டிலுக்கும் நடுவுல என்ன நடக்கும்னு எங்களுக்குத் தெரியாது. ஆபரேஷனை விட அந்த ஆறு மாசம்தான் எங்க வீட்டைப் படுத்தி எடுத்துச்சு. நான் டாக்டர் இல்லை. இது எங்க வீட்டுல நடந்தது, டாக்டர்கிட்டயும் டயட்டீஷியன்கிட்டயும் கேட்டுப் புரிஞ்சுக்கிட்டது. மருந்து, அளவு எல்லாம் உங்க டாக்டர் சொல்றதுதான்.

அப்பா அரசு பஸ் டிரைவரா முப்பத்தோரு வருஷம் ஓட்டி ரிட்டயர் ஆனவர். திருச்சி பக்கம் ஊர். டிரைவர் சாப்பாடு எப்படி இருக்கும்னு தெரியும்ல? வண்டி மோட்டல்ல நிக்கிறது பதினஞ்சு நிமிஷம். அதுக்குள்ள கை கழுவி, நாலு பரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட், ஒரு டீ. அவர் மென்னுதான் முழுங்குறாரான்னு அம்மாவுக்குக் கல்யாணம் ஆன நாள்ல இருந்து சந்தேகம். நோயும் அங்கதான் முதல்ல தெரிஞ்சுது. "பரோட்டா நெஞ்சுல நிக்குது"ன்னார். கொஞ்ச நாள்ல சோறு நின்னுச்சு. அப்புறம் இட்லிக்கே ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்கு தண்ணி. ரெண்டு மாசம் அசிடிட்டி மாத்திரை போட்டு ஓட்டினோம். அந்த ரெண்டு மாசத்தை நினைச்சா இப்பவும் எனக்குக் கோபம் வரும், என் மேலதான். ஐம்பது வயசுக்கு மேல ஒருத்தருக்குப் புதுசா முழுங்க சிரமமா இருந்தா முதல்ல எண்டோஸ்கோபி, அப்புறம்தான் மத்ததெல்லாம். புகையிலை, பீடி, மது பழக்கம் இருந்தா இன்னும் சீக்கிரம். அப்பாவுக்கு பீடி உண்டு.

ஐந்து வாரம் கீமோவும் 23 முறை ரேடியேஷனும் முடிஞ்சு, சில வாரம் இடைவெளி விட்டு ஆபரேஷன்.

வயிறு நெஞ்சுக்கு வந்த கதை

உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தசைக்குழாய். அதில் பெரும்பகுதியை எடுத்துவிட்டால் தொண்டையையும் வயிற்றையும் எதைக் கொண்டு இணைப்பது? 1913ல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக் என்ற சர்ஜன் ஒரு பெண்மணிக்கு இந்த ஆபரேஷனை வெற்றிகரமாகச் செய்தார். ஆனால் இணைக்க அவருக்கு வழி தெரியலை. கழுத்தில் ஒரு துளை, வயிற்றில் ஒரு துளை, ரெண்டுக்கும் நடுவுல உடம்புக்கு வெளியே ஒரு ரப்பர் குழாய். அந்த அம்மா அந்தக் குழாய் வழியாச் சாப்பிட்டு 13 வருஷம் உயிரோட இருந்திருக்காங்க. அதைப் படிச்ச அன்னைக்கு அப்பாகிட்ட சொன்னேன். "அந்தம்மாவே சாப்பிட்டிருக்குன்னா நான் சாப்பிட மாட்டேனாடா"ன்னார். அப்போ அவருக்குத் தெரியாது, பிரச்சினை குழாய்ல மட்டும் இல்லைன்னு.

இப்போ பெரும்பாலும் செய்வது இதுதான்: இரைப்பையின் ஒரு ஓரத்தை வெட்டி எடுத்து, மீதியை நீளமான ஒரு குழாயாகத் தைத்து, அதை மேலே இழுத்து நெஞ்சிலோ கழுத்திலோ மிச்சமிருக்கும் உணவுக்குழாயுடன் இணைக்கிறார்கள். பை மாதிரி இருந்தது சில சென்டிமீட்டர் அகலமுள்ள குழாயாக மாறிவிடுகிறது. நம்ம ஊர்ல "சாப்பாடு நெஞ்சுல நிக்குது"ன்னு சும்மா சொல்வோம். அப்பாவுக்கு அது இப்போ நிஜம். அவர் வயிறு இருக்கிறதே நெஞ்சுலதான்.

இந்த மாற்றத்துல மூணு விஷயம் போச்சு. ஒண்ணு, கொள்ளளவு. ரெண்டு, உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்துல இருந்த வால்வு. உள்ளே போனது மேலே திரும்பாம பாத்துக்கிட்டது அதுதான். மூணாவது வேகஸ் நரம்பு. மூளையில் இருந்து இறங்கி உணவுக்குழாயை ஒட்டியே வயிற்றுக்குப் போகும் நரம்பு அது. உணவுக்குழாயை எடுக்கும்போது அதையும் வெட்ட வேண்டியதாகிவிடுகிறது. வயிறு எப்போது அசையணும், எப்போது சாப்பாட்டைக் கீழே தள்ளணும், போதும்னு மூளைக்கு எப்போது சொல்லணும் என்ற பேச்சுவார்த்தையில் பாதி அந்த வழியாத்தான் நடந்துக்கிட்டு இருந்துச்சு.

பசி எங்கே போச்சு

வீட்டுக்கு வந்தப்போ 61 கிலோ. நோய்க்கு முன்னாடி 71. குடலில் நேராகப் போகும் ஒரு ட்யூப் வயித்துல இருந்துச்சு, ராத்திரியில் அது வழியா திரவ உணவு. பகல்ல வாய் வழியா கொஞ்சம் கொஞ்சமா. எண்டோஸ்கோபியில எல்லாம் சுத்தம், தையல் ஆறிடுச்சு, அப்புறம் என்ன? அம்மா சமைச்சாங்க. அவருக்குப் பிடிச்ச கத்திரிக்காய் புளிக்குழம்பு, மசிச்ச கீரை, அயிரை மீன். தட்டைக் கொண்டு வெச்சு, "ஏங்க, பசிக்குதா?"ன்னு கேப்பாங்க.

"இல்ல."

ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடியும் சூடு பண்ணிக் கொண்டு வருவாங்க. "இப்போ?"

"இல்ல."

நாலு நாள் இப்படிப் போனதும் அம்மா சமையலறையில நின்னு அழுதாங்க. "நான் சமைச்சது அவருக்கு இறங்கல." அப்பா உள்ளே கட்டில்ல உக்காந்து மேல ஃபேனைப் பாத்துக்கிட்டு இருந்தார். ரெண்டு பேருக்கும் நடுவுல நான் லேப்டாப்போட.

அப்போ எங்களுக்குத் தெரியாதது என்னன்னா, பசி என்பது காலி வயிறு தானா உணர்றது இல்லை. அதை உடம்பு தயாரிச்சு அனுப்பணும். கிரெலின் என்று ஒரு ஹார்மோன். 1999ல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் சுரக்கிறது. சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது ரத்தத்தில் ஏறி, மூளைக்குப் போய் "சாப்பாடு எங்கே"ன்னு கேக்குறது அதுதான். இரைப்பையை வெட்டித் தைத்து, நரம்பையும் துண்டித்த பிறகு கிரெலின் நன்றாகக் குறைந்துவிடுகிறது. ஜப்பானிலேயே இந்த ஆபரேஷன் ஆன சிலருக்கு கிரெலினை வெளியிலிருந்து ரத்தத்தில் செலுத்திப் பார்த்திருக்காங்க, சாப்பிடும் அளவு கூடியிருக்கு. ஆனா அது எல்லாருக்கும் கொடுக்கிற மருந்தா வரலை.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இன்னும் வேடிக்கை. உடம்பு இளைக்க ஊசி போடுறாங்களே, ஓஸெம்பிக், அது ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோனைப் போல வேலை செய்கிற மருந்து. "போதும், வயிறு நிறைஞ்சுடுச்சு"ன்னு மூளைக்குச் சொல்லும். இந்த ஆபரேஷன் ஆனவர்களுக்கு, சாப்பாடு வேகமாகச் சிறுகுடலுக்கு இறங்குவதால், சாப்பிட்டவுடன் அந்த ஹார்மோன் வழக்கத்தை விடப் பல மடங்கு எகிறும். உலகமே காசு கொடுத்துப் போட்டுக்கிற சமாச்சாரம், எங்க அப்பா உடம்பு மூணு வாய் இட்லிக்கு இலவசமா ஊத்துது. கேக்குறது குறைஞ்சு, போதும்ங்கிறது கூடிப்போச்சு. இதுல "கொஞ்சம் மனசு வெச்சுச் சாப்பிடுங்களேன்"னு சொன்னா என்ன ஆகும்? மனசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

என்னோட பாட்

இப்போ என் பங்குக்கு நான் செஞ்ச முட்டாள்தனம். இன்ஜினியர் ஆச்சே. டெலிகிராம்ல ஒரு பாட் எழுதினேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அப்பா போனுக்கு மெசேஜ் போகும்: என்ன சாப்பாடு, எவ்வளவு, சாப்பிட்டாச்சா. கீழே ரெண்டு பட்டன், ஆம், இல்லை. அவர் அமுக்கினதும் கலோரி கணக்கு ஒரு ஷீட்ல ஏறும், எனக்கு கிராஃப் வரும். ரொம்பப் பெருமையா இருந்துச்சு. நாளுக்கு 1,700, 1,800 கலோரி காட்டுச்சு.

எடை மட்டும் குறைஞ்சுக்கிட்டே போச்சு. 59. 57. அதுக்குள்ள "நல்லா சாப்பிடுறார்"னு சொல்லி ட்யூப் உணவையும் குறைச்சிருந்தோம், என் ஷீட்டைக் காட்டித்தான் சொன்னோம். அது என் தப்பு. 55.6 காட்டின வாரம், செம்பருத்தித் தொட்டிக்குத் தண்ணி ஊத்தப் போன அம்மா, மண்ணுக்குள்ள அவிச்ச முட்டை கிடந்ததைப் பாத்தாங்க. ஒண்ணு இல்லை, பல நாளோடது.

நான் போய் நின்னேன். கத்தணும்னுதான் போனேன். அப்பா நிமிர்ந்து பாக்கல. "பொத்தானை அமுக்கச் சொன்ன, அமுக்கினேன்"ன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "தம்பி, சாப்பாட்டைப் பாத்தா எனக்கு வெறுப்புலாம் இல்லடா. செவுத்தைப் பாக்குற மாதிரி இருக்கு. செவுத்தை எப்படித் தின்பேன்? தின்னலைன்னா உங்கம்மா அழுவுறா."

அந்த வாரமே மூணு பேரும் டயட்டீஷியன்கிட்ட போனோம். ஷீட்டைக் காட்டினேன், முட்டைக் கதையையும் சொன்னேன். அவங்க அப்பாவைத் திட்டலை. அம்மாவைப் பாத்து ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க: "இனிமே பசிக்குதான்னு கேக்காதீங்கம்மா. அவருக்குப் பசிக்காது. கேட்டா இல்லைன்னுதான் சொல்லணும். மணி ஆச்சான்னு மட்டும் பாருங்க."

என் தொழில்ல இதுக்கு ரெண்டு முறை உண்டு. ஒரு சாதனம் "எனக்கு வேலை இருக்கு"ன்னு தானா சிக்னல் கொடுக்கிறது ஒண்ணு. சிக்னல் கொடுக்க வழி இல்லாத சாதனத்தை, குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை நாமே போய்ப் பாக்கிறது இன்னொண்ணு. பசிங்கிற சிக்னல் வயர் அறுந்துபோச்சு, இனிமே கடிகாரம்தான். நான் இதை அப்பாவுக்கு விளக்கிக்கிட்டு வரும்போது பஸ்ஸுல அவர் இடைமறிச்சார்: "இதுக்கு எதுக்கு இவ்வளவு பேசுற? ஸ்டாண்ட்ல ஆள் ஏறினாலும் ஏறலைன்னாலும் டைமுக்கு வண்டியை எடுக்கணும். காலி வண்டியா இருந்தாலும் எடுக்கணும். அதான?"

அதேதான். என் விளக்கத்தை விட அது நல்லா இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி பாட்டை நிறுத்தினேன். அப்பா ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி, டிரிப் ஷீட் மாதிரி கோடு போட்டார். 6.30, 8.30, 10.45, 1.00, 3.30, 5.30, 7.30. எதிர்ல அவர் கையெழுத்துல என்ன சாப்பிட்டார், எவ்வளவு. முடியாத வேளைக்கு "சர்வீஸ் ரத்து"ன்னு எழுதுவார். அந்த நோட்டுல பொய் இல்லை. ஏன்னா அது அவரோட நோட்டு. ராத்திரி ட்யூப் உணவையும் டாக்டர்கிட்ட சொல்லி மறுபடியும் கூட்டினோம்.

தட்டுல என்ன மாறுச்சு

முதல்ல தட்டே மாறுச்சு. எவர்சில்வர் தட்டு நிறைய சோறு பாத்தாலே அவருக்கு மூச்சு முட்டும். காபி டபராவுல வெச்சோம். டபரா அளவுக்கு நாலு வாய். முடிச்சா முடிச்சதுதான், "இன்னும் ஒரு வாய்"ங்கிற வார்த்தை வீட்டுல தடை. அம்மாவுக்கு அதுதான் ரொம்பக் கஷ்டம். நம்ம வீடுகள்ல அந்த வார்த்தை இல்லாம அன்பு காட்டத் தெரியாது.

அடுத்து கஞ்சி. உடம்பு முடியலைன்னா நம்ம ஊர்ல கஞ்சி. இங்க கஞ்சி ஒரு பொறி. இருக்கிற இடமே கொஞ்சம், அதைத் தண்ணியால நிரப்பினா சத்துக்கு இடம் எங்கே? தேறி வர்றவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம்னு கணக்கு சொன்னாங்க. 55 கிலோவுக்கு 66 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒரு முட்டை சுமார் 6 கிராம். அப்போ ஒவ்வொரு டபராவுலயும் ஏதாவது புரதம் இருந்தாகணும். கஞ்சியை விடலை, கெட்டியாக்கினோம்: பாசிப்பருப்பு சேத்துக் குழைய வேக வெச்சு, நெய் விட்டு, சில நாள் அதுலயே முட்டையை அடிச்சு ஊத்தி. முள் எடுத்து மசிச்ச மீன், கட்டித் தயிர், உதிர்த்த பனீர், நைசா அரைச்ச வேர்க்கடலை.

தண்ணி தனி. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி, இல்லை அரை மணி பின்னாடி. சாப்பிடும்போது தொண்டையை நனைக்கிற அளவுக்கு மட்டும். இது நம்ம சாப்பாட்டுக்கு நேர் எதிர்ன்னு யோசிச்சுப் பாத்தீங்களா? சாம்பார்ல மிதக்கிற சோறு, ரசத்துல கரையுற சோறு, மோர்ல முடிக்கிறது. எல்லாமே தண்ணியோடதான் இறங்குது. அப்பாவுக்கு ரசம் இல்லாதது பெரிய இழப்பு. பத்தரை மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவுல, சாப்பாட்டோட சேராம, ஒரு டம்ளர் ரசத்தை டீ மாதிரி உறிஞ்சிக் குடிக்கிற பழக்கத்துக்கு வந்தார்.

மெல்றது. முப்பது வருஷ மோட்டல் பழக்கம், அஞ்சு நிமிஷத்துல தட்டைக் காலி பண்றவர். இப்போ அந்தக் குழாய்க்கு அரைக்கிற சக்தி இல்லை, அரைக்கிற வேலை முழுக்கப் பல்லுதான். ரெண்டு தடவை இட்லித் துண்டு அப்படியே நின்னு, எச்சிலோட திரும்பி வந்ததும் தானா நிதானத்துக்கு வந்தார். காஞ்ச சப்பாத்தி, பிரெட், தோசை முறுகல், நார் உள்ள கறி, இதெல்லாம் ரொம்ப நாள் தொடவே இல்லை.

சப்போட்டா ஜூஸ்

பாக்க வந்தவங்க வாங்கிட்டு வராம இருப்பாங்களா? ஹார்லிக்ஸ், குளுக்கோஸ், மாதுளை, பிஸ்கட். அத்தை சப்போட்டா ஜூஸ் போட்டு, சர்க்கரை தூக்கலா, ஒரு பெரிய டம்ளர் கொடுத்தாங்க. "எப்படி இளைச்சுட்ட அண்ணே, குடி." அப்பாவும் குடிச்சுட்டார், தங்கச்சி கொடுத்தது.

இருபது நிமிஷம் இருக்கும். முகம் வெளுத்து, சட்டை நனையற அளவுக்கு வேர்வை, நெஞ்சு படபடன்னு அடிக்குது, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு "படுக்கணும், படுக்கணும்"ங்கிறார். ஹார்ட் அட்டாக்னு நினைச்சு ஆட்டோல அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடினோம். ஈசிஜி நார்மல். அங்க போறதுக்குள்ள அவருக்கே பாதி சரியாயிடுச்சு.

அதுக்குப் பேர் டம்பிங். சாதாரணமா இரைப்பை சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமா அளந்துதான் சிறுகுடலுக்கு விடும். இவருக்கு அந்த அளவுகோல் போயிடுச்சு. அடர்த்தியான சர்க்கரைத் தண்ணி மொத்தமா குடல்ல போய் விழுந்ததும், அதை நீர்க்கச் செய்ய ரத்தத்துல இருந்து தண்ணி குடலுக்குள்ள இழுக்கப்படுது. ரத்த அளவு குறையுது, இதயம் வேகமா ஓடுது, வேர்க்குது, தலை சுத்துது. சாப்பிட்ட பத்து நிமிஷத்துல இருந்து அரை மணிக்குள்ள வர்றது இது. ஆனா ஒண்ணு, முதல் தடவை இப்படி வந்தா டம்பிங்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. நாங்க ஓடினது சரிதான். ஈசிஜி எடுத்த பிறகுதான் அது என்னன்னு பேச முடியும்.

இதுக்கு ஒரு தம்பியும் உண்டு, அது தாமதமா வரும். சாப்பிட்டு ஒண்ணு முதல் மூணு மணி நேரம் கழிச்சு. சர்க்கரை சடார்னு ரத்தத்துல ஏறினதுக்கு இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, அப்புறம் சர்க்கரை தரைக்கு இறங்கிடும். தீபாவளி அன்னைக்கு ஒரு கிண்ணம் பாயசம், ரெண்டு மணி நேரம் கழிச்சு கை நடுக்கம், பேச்சு குழறல். பெரியப்பாவோட சுகர் மிஷின்ல பாத்தா 54. அப்பாவுக்கு சுகர் நோயே கிடையாது. அன்னைல இருந்து இனிப்பு தனியா இல்லை. சாப்பாட்டுல புரதமும் கொழுப்பும் சேந்தே வரும். ஹார்லிக்ஸ் பாட்டில் எல்லாம் அத்தை வீட்டுக்கே திரும்பிப் போச்சு.

ராத்திரி

வால்வு போனதைச் சொன்னேன்ல, அதோட கணக்கு ராத்திரிதான் தீரும். மல்லாந்து படுத்தா பித்தமும் புளிப்பும் தொண்டைக்கு வரும். தூக்கத்துல அது மூச்சுக்குழாய்க்குள்ள போனா நிமோனியா வரைக்கும் போகலாம். அதனால கடைசிச் சாப்பாடு 7.30, படுக்கிறது பத்தரைக்கு மேல. கட்டிலோட தலைமாட்டுக் கால்களுக்குக் கீழ செங்கல் அடுக்கினோம். தலையணையை மட்டும் உயர்த்தினா கழுத்துதான் மடங்குது, இடுப்புக்கு மேல முழுக்கச் சரிவா இருக்கணும். முதல் ரெண்டு மாசம் அப்பா ஈசி சேர்லயே தூங்கினார். இது கொஞ்ச நாளுக்கு மட்டும் இல்லை, எப்பவுமே இப்படித்தான்னு டாக்டர் சொன்னப்போ அவர் முகம் வாடினதை நான் பாத்தேன்.

எப்போ டாக்டர்கிட்ட ஓடணும்

சாப்பிடுறதுல வர்ற எல்லாச் சிரமத்தையும் "ஆபரேஷன் ஆச்சே, அப்படித்தான்"னு விடக் கூடாது. மூணாவது மாசம் அப்பாவுக்குக் கெட்டியானது இறங்காம போச்சு, ஒரு வாரத்துல கூழும் நின்னுச்சு. நாங்க மறுபடியும் அதுவோன்னு பயந்தோம், வாய்விட்டு யாரும் சொல்லலை. பாத்தா, தையல் போட்ட இடம் ஆறும்போது தழும்பு இறுகிச் சுருங்கியிருந்துச்சு. எண்டோஸ்கோபி வழியா பலூன் விட்டு விரிச்சாங்க. மூணு வாரம் விட்டு இன்னொரு தடவை. இது நிறைய பேருக்கு வர்றதுதான், சரி பண்ணக்கூடியதும்தான். எங்க தப்பு, எட்டு நாள் காத்திருந்தது. அப்போதான் 54.2, அவரோட மிகக் குறைஞ்ச எடை.

முழுங்க முடியாதது நாளுக்கு நாள் கூடினால், தண்ணியே இறங்கலைன்னா, காய்ச்சல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சாப்பிட்டா இருமல் வந்தா, ட்யூப் இருக்கிற இடம் சிவந்தா, அன்னைக்கே போகணும். அவசரம் இல்லாத ஆனா கேக்க வேண்டிய விஷயம் ரெண்டு. மலம் எண்ணெய்ப் பசையோட வெளிறி, தண்ணில மிதந்தா கொழுப்பு செரிக்கலைன்னு அர்த்தம். கணையத்தோட என்சைம் சரியாக் கலக்காம இருக்கலாம், குடல்ல பாக்டீரியா பெருகியிருக்கலாம், ரெண்டுக்குமே மருந்து இருக்கு. இன்னொண்ணு, பி12, இரும்புச்சத்து டெஸ்ட். வயிறு இப்படி மாறினவங்களுக்கு நாளாக நாளாக அது குறைய வாய்ப்பு உண்டு.

எடை விஷயத்துல ஒரு ஆறுதல். முதல் ஆறு மாசத்துல உடல் எடையில பத்து சதவீதத்துக்கு மேல இழக்கிறவங்கதான் பாதிக்கும் மேல. எங்க வீட்டுல யாரோ தப்புப் பண்ணினதால மட்டும் நடந்தது இல்லை. இதை யாராவது முன்னாடியே அம்மாகிட்ட சொல்லியிருந்தா, அந்த சமையலறை அழுகை கொஞ்சம் குறைஞ்சிருக்கும்.

இப்போ

பதினாலு மாசம் ஆச்சு. 58 கிலோவுல நிக்குது. 71 இனிமே வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார், அப்பாவும் தையற்கடைக்குப் போய்ப் பேண்ட் இடுப்பைப் பிடிச்சுட்டு வந்துட்டார். ட்யூப் எடுத்து எட்டு மாசம். வேளைக்கு இப்போ ஒண்ணரை டபரா. போன தை மாசம் சித்தப்பா பொண்ணு கல்யாணம். பந்தியில உக்கார மாட்டேன்னார். "இலையை வெச்சுக்கிட்டு மூணு வாய் தின்னுட்டு எந்திரிச்சா, பரிமாறுறவன்ல இருந்து சம்பந்தி வரைக்கும் கேப்பான்." அம்மாதான் ஒரு வழி பண்ணினாங்க. ஒரே இலை, ரெண்டு பேருக்கும் நடுவுல. அவர் அவியல் கொஞ்சம், பருப்பு சாதம் கொஞ்சம், உருளைக்கிழங்கு. மிச்சம் அம்மா. யாரும் கேக்கலை. புதுசா கல்யாணம் ஆனவங்க மாதிரின்னு கிண்டல் மட்டும் பண்ணினாங்க.

பசி? டாக்டர் ஓரளவு திரும்பலாம்னு சொல்லியிருந்தார். ரெண்டு மாசம் முன்னாடி நோட்டுல 3.30க்கு எதிர்ல "டைமுக்கு முன்னாடியே எடுத்தாச்சு"ன்னு எழுதியிருந்தது. என்னப்பா இதுன்னு கேட்டேன். தெருவுல யாரோ வெங்காய பஜ்ஜி போட்ட வாசனை வந்துச்சாம், ஏதாவது சாப்பிடணும் போல இருந்துச்சாம், மணி மூணு தானேன்னு பாத்துட்டு முட்டையைத் தின்னுட்டாராம். அந்த மாதிரி அதுக்கப்புறம் நாலு தடவை எழுதியிருக்கார். நான் எண்ணி வெச்சிருக்கேன், அவர்கிட்ட சொல்லலை.

அந்த நோட்டோட கட்டத்தை ஒரு பக்கமா டைப் பண்ணி இந்த எபிசோடுக்குக் கீழ வெச்சிருக்கேன், பிரிண்ட் எடுத்துக்கலாம். நேரமும் சாப்பாடும் உங்க டயட்டீஷியன்கிட்ட கேட்டு நிரப்புங்க, எங்க அப்பாவோடதைக் காப்பி பண்ணாதீங்க. அடுத்த எபிசோட்ல விட்ட இடத்துக்கே போறோம்: டேட்டாபேஸ் இண்டெக்ஸ், பாகம் ரெண்டு.